நான் வெட்டிய பாதி வாக்கியம்

காட்டுத் தீயைத் திட்டி எழுதுவதைப் போலச் சுலபமான வேலை சுற்றுச்சூழல் எழுத்தில் வேறில்லை. மறுப்புக் கடிதம் வராது. தீக்காக வாதாட யாரும் படியேறி வரமாட்டார்கள். பிப்ரவரி பாதியானதும் பத்திரிகையிலிருந்து போன் வரும், நானும் உடனே எழுதிக் கொடுத்துவிடுவேன். கருகி நிற்கும் மரத்தின் படம் ஒன்று, தாயைத் தொலைத்த மான்குட்டி ஒன்று, ‘சமூக விரோதிகள்’ என்ற சொல் ஓரிடத்தில், எரிந்த ஏக்கர் கணக்கு இன்னோரிடத்தில், முடிவில் மக்களிடம் விழிப்புணர்வு வேண்டும் என்றொரு வேண்டுகோள். ஊர்ப் பெயரையும் ஆண்டையும் மாற்றினால் போதும், போன கோடைக் கட்டுரையே இந்தக் கோடைக்கும் ஆகிவரும். வாசகர்கள் பாராட்டினார்கள். பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிட்டார்கள். போனேன், பேசினேன், பொன்னாடை வாங்கிக்கொண்டேன்.

அண்மையில் அந்தக் கட்டுரைகளையெல்லாம் எடுத்து வரிசையாகப் படித்தேன். எரிந்தது புல்லா, சருகா, மரமா என்று ஒன்றிலும் இல்லை. எந்த மாதம், எந்தப் பொழுது, காற்று எந்தப் பக்கம், அதே இடம் இதற்கு முன் எப்போது எரிந்தது, எதுவும் இல்லை. தெரியாமல் செய்த பிழையாக இருந்திருந்தால் இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போயிருப்பேன். தெரிந்த பிறகும் அப்படியே எழுதினேன். தெரிந்ததை மறைத்தும் எழுதினேன். பிறகு நேரெதிராகத் திரும்பி, அதையும் அதே அவசரத்தில் எழுதினேன். அதனால்தான் இந்த வாக்குமூலம்.

முதல் குற்றத்திலிருந்து தொடங்குகிறேன். தீ எரியும்போது போவேன், அணைந்த மறுநாள் போவேன். மழை பெய்த பிறகு ஒருமுறைகூடப் போனதில்லை. கரிக்கட்டை நல்ல படம் தரும், பச்சைப் புல் என்ன படம் தரும்? ஆனால் புல்வெளியில் எரிந்த நெருப்பு என்ன செய்தது என்பது மழைக்குப் பிறகுதான் தெரியும்.

புல்லின் குருத்து தரையோடு ஒட்டியோ தரைக்குக் கீழேயோ இருக்கிறது. காய்ந்த தாளில் ஓடும் தீ ஓரிடத்தில் நிற்பது மிகக் கொஞ்ச நேரம். மண் சூட்டைச் சுலபத்தில் கடத்தாது. இரண்டு விரல்கடை ஆழத்தில் வேருக்கு மேலே தீ போனதே பெரிதாகத் தெரியாது. மேலே இருந்த பழைய தாள் போனதால் வெயில் அடிவரை இறங்குகிறது, முதல் மழையில் தளிர் ஒரேயடியாகக் கிளம்புகிறது. முற்றிய புல்லைவிட அந்தத் தளிரில் புரதம் அதிகம். புள்ளிமானும் காட்டெருமையும் எரிந்த தரையைத் தேடி வந்து மேய்வது அதனால்தான். பல ஆண்டுகள் எரியாமலும் மேயாமலும் கிடக்கும் உயரமான புல், தன் பழைய தாளின் நிழலிலேயே மெலிந்து போகிறது. அதன் நடுவே முளைக்க வேண்டிய சிறு பூண்டுகளும் கிழங்குச் செடிகளும் குறைகின்றன.

மரங்களின் கதை வேறு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கக் காடுகளில் நிற்கும் வேங்கை, கருமருது, வெக்காலி, தேக்கு, காட்டு நெல்லி எல்லாம் ஏதோ ஒரு வகையில் தீயோடு பழகியவை. கருமருதின் பட்டை முதலைத் தோல் போலத் தடித்து வெடித்திருக்கும். அந்தத் தடிப்புக்குள் உயிருள்ள திசு சூடுபடாமல் தப்பிக்கிறது. கன்றுக்கு அந்தப் பட்டை இல்லை. அது தரையோடு கருகுகிறது, வேரில் சேமித்து வைத்ததைக் கொண்டு மறுபடி துளிர்க்கிறது, அடுத்த தீயில் மறுபடி கருகுகிறது. இப்படிப் பல ஆண்டுகள் இடுப்பளவைத் தாண்டாமலே வேரை மட்டும் பெருக்கிக்கொண்டிருக்கும். நடுவில் சில ஆண்டுகள் தீ வராத இடைவெளி கிடைத்தால் ஒரே மூச்சில் உயர்ந்து, தீநாக்குக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி தீ வந்ததா என்பது அன்று, எத்தனை ஆண்டு இடைவெளியில் வந்தது என்பது. அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

இழப்பும் உண்டு. தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடும், மணிச்சத்தும் சாம்பல்சத்தும் பெரும்பாலும் சாம்பலில் தங்கும். சரிவான நிலத்தில் எரிந்த கையோடு பெருமழை வந்தால் அந்தச் சாம்பலும் ஓடையில் போய்விடும். தீயின் முன்னே தெறிக்கும் வெட்டுக்கிளியைப் பிடிக்கக் கரிச்சானும் பனங்காடையும் பருந்தும் கூடும். ஆனால் ஆமையால் ஓட முடியாது, தரையில் இட்ட முட்டையால் பறக்க முடியாது. இந்த லாப நஷ்டக் கணக்கு முழுவதும் மாதத்தையும் ஈரத்தையும் காற்றையும் பொறுத்தது. தை மாதத்துத் தீயும் பங்குனித் தீயும் ஒன்றல்ல. நான் இரண்டுக்கும் ஒரே தலைப்புக் கொடுத்தேன்.

இரண்டாவது குற்றம், புல்வெளியை அழிந்த காடு என்று எழுதியது. ஒரு காலத்தில் இங்கே அடர்காடு இருந்தது, மனிதன் வெட்டியும் எரித்தும் இப்படி ஆக்கிவிட்டான் என்று கையில் எந்த ஆதாரமும் இல்லாமல் அடித்துச் சொன்னேன். சிவாலிக் மலையடிவாரத்தின் தொல் மண்ணிலுள்ள கார்பன் ஐசோடோப்புகள் வேறு கதை சொல்கின்றன. வெப்ப மண்டலப் புற்கள் அங்கே பரவியது சுமார் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். அப்போது கோடரியும் இல்லை, தீக்குச்சியும் இல்லை, நம் இனமே இல்லை. நீலகிரியின் உயர்ந்த சதுப்புகளில் தோண்டியெடுத்த கரிமண்ணை ஆராய்ந்து ரா. சுகுமாரும் அவர் குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வும், பனியுகத்தின் உச்சத்தில் அங்கே புல்வெளி விரிந்திருந்ததைக் காட்டியது. சோலையும் புல்லும் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தட்பவெப்பத்துக்கேற்ப முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருந்திருக்கின்றன.

தென்னாப்பிரிக்க அறிஞர் வில்லியம் பாண்டும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் ஒரு கணினி மாதிரியில் உலகத்திலிருந்து தீயை நீக்கிப் பார்த்தார்கள். தாவரம் உள்ள நிலப்பரப்பில் 27 சதவீதமாக இருக்கும் அடர்காடு 56 சதவீதம் ஆனது. கேட்க நல்ல செய்தி போலிருக்கும். மறைந்துபோவது எதுவென்று பார்த்தால்தான் விபரீதம் புரியும். ஆப்பிரிக்காவின் வரிக்குதிரை, பிரேசிலின் செராடோ புல்வெளி, நம் வெளிமானும் கானமயிலும் வாழும் திறந்தவெளி எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். செராடோவில் அது கணக்கோடு நிற்கவில்லை. சாவோ பாவ்லோ மாநிலத்தில் தீயைத் தடுத்து வைத்திருந்த பாதுகாக்கப்பட்ட பகுதியொன்றில் மரம் அடர்ந்து காடானதும், தாவர வகைகள் 27 சதவீதமும் எறும்பு வகைகள் 35 சதவீதமும் குறைந்துவிட்டதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. மரம் கூடியது, கார்பன் சேமிப்பும் கூடியது, உயிர் வகை குறைந்தது.

இதைப் படிப்பதற்கு முன் நான் ஒரு புல் மேட்டில் மாணவர்களோடு மரக்கன்று நட்டிருக்கிறேன். புற்கொத்துகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குழி தோண்டினோம். அரசுப் பதிவேட்டில் அந்த நிலத்துக்குத் தரிசு என்று பெயர், எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பத்து சதவீத நிலத்துக்கு மேல் மரநிழல் விழுந்தால் இந்திய வன அளவை நிறுவனம் அதைக் காடு என்று எண்ணும். அதற்குக் குறைந்த புல்வெளி பெரும்பாலும் தரிசுப் பட்டியலுக்குப் போகும். காடாக எண்ணப்பட்டால் தீ கூடாது, தரிசாக எண்ணப்பட்டால் மரம் நடவேண்டும். இரண்டு பக்கமும் புல்லுக்கு இடமில்லாத இந்த ஏற்பாட்டில் நானும் ஒரு தொண்டனாக இருந்தேன். பிடுங்கி எறிந்தது எந்தெந்தப் புல் என்று பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது குற்றம்தான் எனக்குச் சொல்ல மிகவும் கடினமானது.

சத்தியமங்கலத்துக்கு மேலே, கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு மலைக்கிராமத்தில் சோளகர் பழங்குடி முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். அந்தப் பக்கம் தீ எரிந்திருந்த நேரம். யார் வைத்தது என்று கேட்கத்தான் போனேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் தீயைப் பற்றிக் கேட்டதும் உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, தன் தகப்பன் காலத்தில் எப்படி எரித்தார்கள் என்று விவரமாகச் சொன்னார். எந்த மாதம், எந்தச் சரிவு முதலில், ஏன் காலையில், ஏன் ஒரே ஆண்டில் எல்லா இடத்தையும் எரிப்பதில்லை. சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன். எழுதும்போது சுவாரசியமாகத்தான் இருந்தது.

கட்டுரையாக உட்கார்ந்தபோது இதெல்லாம் இடைஞ்சலாகத் தெரிந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஒரு ஒப்புதல். “அப்பல்லாம் தை மாசம் நாங்கதான் கொளுத்துவோம் சார்” என்று அவர் சொல்லியிருந்தார். முன்பாதியை வெட்டினேன். “நாங்கதான் கொளுத்துவோம்” என்பது மட்டும் அச்சில் வந்தது, அதுவும் கொட்டை எழுத்தில், பங்குனி மாதத்துத் தீயின் படத்துக்குக் கீழே. வெட்டியது உதவி ஆசிரியர் அல்லர், நான். படத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான். நாற்பது வருஷத்துக்கு முன்பே நின்றுபோன ஒரு பழக்கத்தை, நேற்று நடந்த குற்றமாக ஆக்கினேன். அவர் பாடம் சொன்னார், நான் வாக்குமூலமாகப் பதிந்துகொண்டேன். காவல் நிலையத்தில் இப்படி எழுதிக்கொண்டிருந்தால் நானே அதைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதியிருப்பேன்.

அந்தக் கட்டுரையால் அவருக்கு நேரடியாக என்ன ஆனது என்று விசாரிக்கக்கூட நான் அதன்பின் அந்த ஊருக்குப் போகவில்லை. கூச்சம் காரணமல்ல. அப்போது கூச்சமே வரவில்லை. அடுத்த வேலை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள், எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள பிலிகிரிரங்கன் மலையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படிக்க நேர்ந்தது. அங்கேயும் சோளகர்கள்தான் வாழ்கிறார்கள். 1974இல் சரணாலயமானதும் அங்கே எரிப்பது நிறுத்தப்பட்டது. பரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமத்தும் அந்த மலை முழுவதற்குமான அளவெடுப்புகளை ஒப்பிட்டதில், 1997இல் 41 சதவீத இடங்களில் இருந்த உண்ணிச்செடி 2008இல் 81 சதவீத இடங்களில் இருந்தது. புல்லும் இளங்கன்றுகளும் இருக்க வேண்டிய அடித்தளத்தை அது மூடியிருந்தது. சோளகர்களிடம் கேட்டால், சருகுத் தீயை நிறுத்தியதுதான் உண்ணிச்செடி பெருகியதற்கு ஒரு காரணம் என்கிறார்கள் என்றும், அவர்கள் சொல்லும் காரண காரியத்தை அறிவியல் கருதுகோளாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அந்த ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். காட்டு நெல்லியில் புல்லுருவி பெருகி மரத்தைச் சாகடிப்பதையும் சோளகர்கள் அந்தத் தடையோடு சேர்த்தே பேசுகிறார்கள்.

படித்ததும் பழைய நோட்டை எடுத்தேன். உண்ணிச்செடி, புல்லுருவி, சருகுத் தீ எல்லாம் என் கையெழுத்திலேயே இருந்தன. ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் நடந்து அளந்து சொன்னதற்குத் துவக்கப் புள்ளி எதுவோ, அது ஒரு தேநீர் நேரத்தில் எனக்குச் சும்மா கிடைத்திருந்தது. மூடி வைத்தேன். திருத்தம் எழுதவில்லை. எழுதினால் பழைய கட்டுரைகளுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம். அந்தக் கட்டுரைகளால் வந்த பெயர், மேடை, விருது எல்லாம் என்னாவது என்ற கணக்கு.

இதற்குப் பிறகும் கோடைக் கட்டுரைகள் தொடர்ந்தன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். விசாரணை தொடங்கும் முன்பே நான் எழுதத் தொடங்கிவிட்டேன். யார் வைத்த தீ என்பதுதான் என் கேள்வி, அதற்குள் ஒரு சந்தேகமும் வைத்தேன், அந்தச் சந்தேகம் மலையில் வாழ்கிறவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது. அன்று நான் எழுதியிருக்க வேண்டியது வேறு. காய்ந்த புல் மூடிய மலைச்சரிவில் தீ கீழிருந்து மேலே ஓடும், சுவாலை சரிவை நோக்கிச் சாய்ந்து மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே காயவைப்பதால் செங்குத்து கூடக்கூட வேகம் கூடும், அதற்கு முன்னால் மேல்நோக்கி ஓடித் தப்புவது கடினம், ஏற்கெனவே எரிந்து கருகிய தரை பல நேரம் பாதுகாப்பான இடம். இந்த நாலு விஷயம் அடுத்த முறை மலையேறுகிற யாருடைய உயிரையாவது காப்பாற்றியிருக்கும். எனக்குத் தெரிந்திருந்தது. எழுதவில்லை, ஏனென்றால் அதில் வில்லன் இல்லை.

இப்போது நான்காவது குற்றம். ஒருவழியாக மனசாட்சி உறுத்தி, தீயை ஆதரித்து ஒரு கட்டுரை எழுதினேன். உள்ளே இருந்த குற்றவுணர்வு முழுவதையும் அதில் கொட்டினேன். புல்வெளிக்குத் தீ வேண்டும், பழங்குடிகளிடம் தீயைத் திருப்பிக் கொடுங்கள், தடை போட்ட வெள்ளைக்காரன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அடித்து நொறுக்கினேன். அந்தக் கட்டுரைக்கு முன்னெப்போதையும்விடப் பாராட்டு வந்தது.

வெள்ளைக்காரன் பற்றிய பகுதியே அரைகுறை. 1864இல் மத்திய மாகாணத்தின் போரி காட்டில் தீத்தடுப்பு தொடங்கியது உண்மை. மரத்தை விளைபொருளாகப் பார்த்த நிர்வாகத்துக்குத் தீ, சரக்கைத் திருடும் கள்வன். ஆனால் 1890களிலேயே பர்மாவின் தேக்குக் காடுகளில் வேலை பார்த்த வன அதிகாரிகள் சிலர், தடுப்பு அளவு மீறிவிட்டது, தேக்குக் கன்று முளைக்கவில்லை என்று எழுதத் தொடங்கினார்கள். வட இந்தியாவின் சால் காடுகளிலும் அதே பேச்சு எழுந்தது. முன்பருவத்தில் எரிப்பது என்ற முறை அரசாங்கக் காடுகளுக்குள்ளேயே வந்தது. அதாவது தடுத்தவர்களுக்குள்ளேயே தடுப்பை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அது வசதிப்படவில்லை, விட்டுவிட்டேன்.

அதைவிடப் பெரிய தவறு, நிலத்துக்கு நிலம் உள்ள வேறுபாட்டை அழித்தது. கட்டுரை வெளிவந்த பிறகு, நீலகிரியில் புல்வெளியை மீட்கும் வேலை செய்கிற ஓர் அம்மா போன் செய்தார். கோபப்படாமல் கேட்டார்: சீகை மரம் படர்ந்த சரிவில் தீ வைத்தால் என்ன முளைக்கும் தெரியுமா சார்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சீகை விதையின் ஓடு கெட்டியானது, மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். தீச்சூடு அந்த ஓட்டை உடைத்து ஒரேயடியாக முளைக்க வைக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து தோல் பதனிடும் பட்டைக்காகவும் வளர்த்த மரம் அது, தீயோடு அது செய்துகொண்ட ஒப்பந்தம் மிகப் பழையது. அந்தச் சரிவில் தீ வைப்பது விதைப்பதற்குச் சமம். சரிதாம்மா, எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. கட்டுரை அப்போது வேகமாகப் பகிரப்பட்டுக்கொண்டிருந்தது.

உண்ணிச்செடிக் காடும் அப்படித்தான். அது இல்லாத காலத்தில் எரிந்தது முட்டியளவுச் சருகும் புல்லும். இன்று தலைக்கு மேல் புதராக நிற்கும் உண்ணிச்செடியில் தீ பிடித்தால் கொம்பைப் பிடித்துக்கொண்டு மரத்தின் தலைக்கே ஏறும். எரிந்த பின் அடியிலிருந்து முதலில் துளிர்ப்பதும் அதுவே. நாற்பது ஆண்டு தடைக்குப் பிறகு அப்படியே தீயைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்வது, அந்தத் தீயைக் கையாண்டவர்களின் அறிவையே அவமதிப்பது. அவர்கள் எரித்தது வேறு காடு. முதலில் புதரை வேரோடு எடுக்க வேண்டும், புல் திரும்ப வேண்டும், பிறகுதான் தீயைப் பற்றிய பேச்சு.

அதேபோல, குறைவாக எரிவது மட்டுமே பிரச்சினை என்ற பிம்பத்தையும் நான் உண்டாக்கினேன். முதுமலைப் பகுதியைப் பற்றி 2004இல் வெளியான ஆய்வு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சராசரியாக 10 ஆண்டுக்கு ஒருமுறை எரிந்த காடு அதன் முடிவில் மூன்று ஆண்டுக்குச் சற்று மேலான இடைவெளியில் எரிவதாகச் சொல்லியது. மேலே சொன்னேனே, கன்று தீநாக்கைத் தாண்ட இடைவெளி வேண்டும் என்று? அந்த இடைவெளி இங்கே சுருங்கிக்கொண்டிருந்தது. ஒரே மலைத்தொடரில் ஓரிடத்தில் தீ போதாமை, பக்கத்து இடத்தில் தீ மிகுதி. இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுத முடியும். தலைப்பு வைப்பதுதான் சிரமம்.

உலகம் முழுவதும் இதே பாடம்தான். தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் 1954இல் தொடங்கிய எரிப்புச் சோதனை இன்னமும் நடக்கிறது. ஒரு துண்டு நிலத்தை ஆண்டுதோறும், ஒன்றை இரண்டாண்டுக்கு, ஒன்றை மூன்றாண்டுக்கு எரிக்கிறார்கள், ஒன்றை எரிப்பதே இல்லை. மழை அதிகமுள்ள பகுதியில் எரியாத துண்டு புதர்க்காடாக அடர்ந்தது. வறண்ட பகுதியில் எரித்ததற்கும் எரிக்காததற்கும் வேறுபாடு மிகக் குறைவு. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் தீயைக் குறைத்தது தீயணைப்புப் படையல்ல, மாட்டுக்கொள்ளை நோயின் ஒழிப்பு. 1960களில் அந்நோய் அகன்றதும் சில இலட்சமாக இருந்த காட்டுமான் கூட்டம் பத்து இலட்சத்தைத் தாண்டியது. அவை புல்லைத் தின்று தீர்த்ததால் எரிய ஒன்றும் மிஞ்சவில்லை, தீ குறைந்தது, மரம் கூடியது. ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னம் லேண்டில் 28,000 சதுர கிலோமீட்டரில் பூர்வகுடிகள் வறட்சியின் தொடக்கத்திலேயே சிறு சிறு திட்டுகளாக எரிக்கிறார்கள். பின்பருவத்தில் வரும் பெருந்தீ அதனால் குறைகிறது, மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் குறைவாக வெளியேறுகின்றன. அந்தக் குறைப்புக்காக 2006 முதல் ஒரு எரிவாயு நிறுவனம் அவர்களுக்குப் பணம் தந்தது. எரித்ததற்காக அங்கே கூலி, எரித்ததாகச் சொன்னதற்காக இங்கே குற்றவாளிப் பட்டம்.

செயற்கைக்கோள் கணக்குப்படி 1998க்கும் 2015க்கும் இடையில் உலகில் ஆண்டுதோறும் எரியும் பரப்பு ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. பெரும்பாலும் ஆப்பிரிக்கப் புல்வெளிகள் வயலும் மேய்ச்சல் நிலமுமாக மாறியதால் வந்த குறைவு அது. இதே காலத்தில்தான் உலகம் பற்றி எரிகிறது என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன். சில ஈரக் காடுகளில் தீ கூடியது உண்மை. எரியப் பழகாத காடு எரிவது பேரிழப்பு. எரியப் பழகிய புல்வெளி எரியாமல் போவதும் இழப்பே. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியதால் இரண்டு இழப்புக்கும் நான் உதவியாக இருந்தேன்.

என் குறை என்ன என்று என்னையே கேட்டுக்கொண்டால், தீயைப் பற்றிய அறிவின்மை அன்று. கேட்டதைக் கேட்டபடி எழுதாதது. எதிர்த்தபோதும் ஆதரித்தபோதும் எனக்கு ஒரே வரியில் தீர்ப்பு வேண்டியிருந்தது. முதியவர் சொன்னதிலும் ஆய்வாளர்கள் அளந்ததிலும் ‘எப்போது, எங்கே, எவ்வளவு’ என்ற மூன்றும் இருந்தன. என் பேனா முதலில் வெட்டியது அந்த மூன்றையும்தான். தீக்கு எதிராக எழுதியவனும் தீக்கு ஆதரவாக எழுதியவனும் இரண்டு ஆள் இல்லை.

திருத்தம் ஒன்று பாக்கி இருக்கிறது. பழைய கட்டுரையில் வெளிவந்த அரை வாக்கியத்துக்குப் பதிலாக, என் நோட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன்.

அவர் சொன்னது: முன்பு தை மாதத்தில், பனி விலகாத காலையில் சருகுக்குத் தீ வைப்பார்கள். அடியில் ஈரம் இருப்பதால் தீ முட்டிக்கு மேல் எழும்பாது, கூடவே நடந்து போகலாம், ஓடையோரத்தில் தானே அணைந்துவிடும். ஓடைக் காட்டுக்குள் தீயை விடமாட்டார்கள். இந்த வருஷம் எரித்த சரிவை அடுத்த வருஷம் எரிக்க மாட்டார்கள். தாள் போனால் மாட்டுக்கும் மானுக்கும் புதுப் புல் வரும், உண்ணி குறையும், யானை நிற்பது தூரத்திலேயே தெரியும், கீழே விழுந்த நெல்லி கண்ணில் படும். நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறாது. தையில் எரித்தால் பங்குனியில் பெருந்தீ வராது. அரசாங்கம் வேண்டாம் என்றதும் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் உண்ணிச்செடி இவ்வளவு ஆனது. இப்போது இந்தப் புதரில் அவரே தீ வைக்க மாட்டார், வைத்தால் அடக்க முடியாது. இப்போது எரிகிற தீ யார் வைத்தது என்று அவருக்குத் தெரியாது.

என் பழைய கட்டுரையை எங்காவது மேற்கோள் காட்டியிருப்பவர்கள், அந்த வரியை எடுத்துவிட்டு இந்தப் பத்தியைச் சேர்த்துக்கொள்ளவும்.